ஸ்தாபகருக்குக் களிம்பு ஏறும் வரை

அப்போதைய சோவியத் நாட்டில் அணு உலை வெடித்தது உங்களுக்குப் பாடப்புத்தகத்துச் செய்தி. எனக்கு அது மணல் அள்ளிய செய்தி. கீரை வாங்க வேண்டாம், மழையில் நனைய வேண்டாம், பிள்ளைகளை மணலில் விளையாட விட வேண்டாம் என்று ஜெர்மன் ரேடியோ நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த அந்த வசந்தகாலத்தில்தான் நான் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு பள்ளிக்கூடத்துக்கு விருப்பத்தோடு போனேன். ஊரில் எட்டாம் வகுப்போடு மதில் பாய்ந்து ஓடியவன் நான். பிறகு பார்த்தால் ஓய்வு பெறும் வரைக்கும் பள்ளிக்கூடத்துக்குள்ளேயேதான் இருந்திருக்கிறேன். எந்த வாத்தியாருடைய சாபமோ தெரியாது.

ஹவுஸ்மைஸ்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறோம், கட்டடம் பார்க்கிற இந்த வேலையைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். என் பேச்சைத் திருத்துவது அவள் பொறுப்பு. வெப்பமூட்டியைப் பற்றியும் தீயணைப்புக் கதவைப் பற்றியும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதற்கெல்லாம் ஒழுங்காக அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் சொல்லப்போவது ஒரு தலையைப் பற்றி. வெண்கலத் தலை.

ஹனோவரிலிருந்து ரயிலில் போகிற தூரத்தில் ஒரு பழைய நகரம். அதில் ஒரு பழைய தனியார் பள்ளிக்கூடம். காலையில் பிள்ளைகள் வந்து மத்தியானம் வீட்டுக்குப் போய்விடுகிற பள்ளிக்கூடம்தான். ஆனால் அங்கே படித்தவர்கள் மட்டும் சாகும்வரை அதைவிட்டுப் போவதில்லை. நகரத்தில் வக்கீல் என்றால் அந்தப் பள்ளிக்கூடம், பல் வைத்தியர் என்றால் அந்தப் பள்ளிக்கூடம். கம்பளித் துணி வியாபாரி ஒருவர், எந்தக் காலத்திலோ, தன் புண்ணியத்துக்காக ஏழைப் பிள்ளைகள் படிக்கட்டும் என்று கட்டியது. நான் போன காலத்தில் அங்கே ஏழை என்று சொல்ல நானும் கனகு அண்ணையும்தான் இருந்தோம். நாங்கள் படிக்கப் போகவில்லை.

அந்த வியாபாரியின் தலைதான் வாசல் மண்டபத்து மாடத்தில் இருந்தது. தாடி, கூரான மூக்கு, கழுத்தைச் சுற்றி இடியப்பத் தட்டை மாட்டியது போல மடிப்பு மடிப்பாக ஒரு சட்டைக் கழுத்து. முழுக்க வெண்கலம். ஆனால் வெண்கலம் என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள். தலை உச்சி கறுப்பு. கன்னமும் தாடியும் பாசி பிடித்த கிணற்றுச் சுவர் மாதிரிப் பச்சை. எல்லோரும் அவரை ஸ்தாபகர் என்பார்கள். பெயர் சொல்ல மாட்டார்கள்.

அகதிகளுக்கு அப்போது வேலை செய்ய அனுமதி இல்லை. ஆனால் நகரசபை காட்டுகிற பொது இடத்தில் கூட்டலாம், துடைக்கலாம். நாங்கள் இருந்த அகதி விடுதியை ஹைம் என்பார்கள். அங்கிருந்து என்னையும் கனகு அண்ணையையும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். கனகு அண்ணை எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தோடேயே கிளம்பியவர். கொழும்பில் இரும்புக் கடையில் நின்றவர். நான் அவருக்குப் பிறகு, எல்லோரையும் போலக் கிழக்கு பெர்லினில் இறங்கி, ரயிலில் மேற்குக்கு வந்தவன். அவருக்கு மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் சாவகச்சேரியில். எனக்கு அப்போது ஒருவரும் இல்லை, பசியைத் தவிர.

எங்களுக்கு மேலே பள்ளிக்கூடத்து ஹவுஸ்மைஸ்டர். அவரை நாங்கள் ஷெஃப் என்போம். இந்த நாட்டில் ஷெஃப் என்றால் சமையல்காரர் இல்லை, மேலாள். அவர் பேசியது ஜெர்மன். எங்களுக்குப் புரிந்தது பாதி. ஆனால் இன்றைக்கு யோசித்தால் அவர் குரல் எனக்கு யாழ்ப்பாணத் தமிழில்தான் கேட்கிறது. அப்படியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷெஃப்பின் குணத்தைச் சொல்ல அந்த மணல் போதும். விளையாட்டுத் திடலில் நீளம் பாய்கிற குழி ஒன்று உண்டு. ரேடியோவைக் கேட்ட பெற்றோர் பதறி, டிரெக்டோர், அதாவது தலைமை ஆசிரியர், "அந்த மணலை இன்றைக்கே அகற்றுங்கள்" என்றார். நாங்கள் அள்ளினோம். அள்ளி எங்கே கொட்டுவது? நகரசபை வேண்டாம் என்றது. குப்பைக் கிடங்கு வேண்டாம் என்றது. ஷெஃப் தன் தெர்மோஸைத் திறந்து கோப்பி ஊற்றினார். எந்தச் சங்கடம் வந்தாலும் அரைக் கோப்பை குடித்து முடியும் வரை அவர் வாய் திறக்க மாட்டார்.

"கொட்டிலுக்குப் பின்னால குவியுங்கோ. மேல படங்கு போடுங்கோ."

"பிறகு, ஷெஃப்?"

"பிறகு மாரி வரும். பனியில வழுக்காமல் பாதையில தூவ மணல் வேணுமெண்டு இதே டிரெக்டோர் கேட்பார்."

அப்படியேதான் நடந்தது. ஆனால் மாரிக்கு முன்பே அந்த மணலுக்கு வேறு வேலை வந்துவிட்டது.

ஆனி மாதம் பள்ளிக்கூடத்தின் பெருவிழா. மேயர் வருகிறார், பழைய மாணவர்கள் எல்லா ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். விழா முடிந்த மறுவாரம் நிர்வாகச் சபை கூடி ஒரு காரியம் தீர்மானிக்க இருந்தது: ஷெஃப்புக்கு முழங்கால் வருத்தம், அவருக்கு ஓர் உதவியாளரை நிரந்தரமாக எடுப்பது. ஷெஃப் கேட்டது கனகு அண்ணையை. அண்ணைக்கு வேலை அனுமதி கேட்கத் தேவையான காத்திருப்புக் காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. ஆனால் "இவர்தான் வேண்டும்" என்று ஒரு முதலாளி சொன்னால்தான் அனுமதி. அனுமதி கிடைத்தால்தான் சம்பளம், சம்பளம் இருந்தால்தான் ஹைமை விட்டு வெளியேறி ஒரு வீடு, வீடு இருந்தால்தான் மனைவி பிள்ளைகளைப் பற்றி வாய் திறக்கலாம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கோப்பைகள் மாதிரி எல்லாம் அந்தச் சபையின் ஒரு கையுயர்த்தலில் நின்றது. அண்ணை ஹைமில் தூங்கும்போதுகூட அந்தச் சபையைப் பற்றித்தான் உளறுவார்.

விழாவுக்கு முதல் நாள் மத்தியானம். பிள்ளைகள் போய்விட்டார்கள். நானும் ஷெஃப்பும் பெரிய மண்டபத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தோம். வாசல் மண்டபத்தைக் கழுவும்படி ஷெஃப் அண்ணையிடம் சொல்லியிருந்தார். "எல்லாம் பளிச்செண்டு இருக்கவேணும்" என்று சொன்னதும் அவர்தான். அந்த 'எல்லாம்' என்ற சொல்லை இந்த வேலையில் யாரிடமும் சொல்லாதீர்கள். அதற்கு எல்லை கிடையாது.

ஊரில் கொடியேற்றத்துக்கு முதல் நாள் கோயிலில் என்ன நடக்கும் என்று உங்கள் அம்மாமாரைக் கேட்டுப் பாருங்கள். குத்துவிளக்கு, தூக்குவிளக்கு, குடம், மணி, தீபத்தட்டு எல்லாம் வெளியே வரும். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் களிம்பு போக்கி, வெயிலில் வைத்தால் கண் கூசும். களிம்போடு ஒரு விளக்கை ஏற்றினால் ஊரே அந்த வீட்டைப் பற்றிக் கதைக்கும். கனகு அண்ணை அந்த வேலையில் சின்ன வயதிலிருந்தே பேர் எடுத்தவர். அப்பேர்ப்பட்டவர் ஈரத் துணியோடு மாடத்துக்கு முன்னால் நிமிர்கிறார். நாளைக்குத் திருவிழா. மூலவர் களிம்பேறி நிற்கிறார். பிறகென்ன?

புளிக்கு எங்கே போவது? பள்ளிக்கூடத்துச் சமையலறையில் விழாவுக்கென்று வாங்கிய எலுமிச்சம்பழம் கூடை நிறைய இருந்தது. உப்பு இருந்தது. சாம்பலுக்குப் பதிலாக, கொட்டிலுக்குப் பின்னால் படங்குத் துணிக்குக் கீழே, நல்ல மெல்லிய மணல் இருந்தது.

கதிரை அடுக்கி முடித்து நான் வாசலுக்கு வந்தேன். மாடத்தில் வெயில் அடிப்பதில்லை. அன்றைக்கு அடித்தது போல இருந்தது. ஸ்தாபகர் செம்பொன்னாக நின்றார். கன்னம் மினுங்கியது. மூக்கு மினுங்கியது. கழுத்து மடிப்பு ஒவ்வொன்றுக்குள்ளும் குச்சியில் துணி சுற்றித் தேய்த்திருந்தார். கண்கள் திறந்திருந்தன என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அண்ணை கீழே குந்தியிருந்து, புது மருமகனைப் பார்ப்பது போல அவரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடித் தம்பி? ஆளை அடையாளம் தெரியுதோ?"

"அண்ணை, என்ன செய்து போட்டியள்?"

"மினுக்கினனான். பாவம், மனிசன் கட்டின பள்ளிக்கூடம், மனிசனை ஒருத்தரும் கவனிக்கேல்லை. ஒரு விளக்குக்குக் காட்டுற மரியாதையும் இல்லை."

"ஆரைக் கேட்டுச் செய்தனீங்கள்?"

"சாமி மினுக்க ஆரையடா கேட்கிறது?"

எனக்கும் சரியாகத் தெரியாது, அதில் என்ன பிழை என்று. ஆனால் ஹனோவர் நூதனசாலை வாசலில் பச்சைச் சிலைகளைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சுத்தக்காரச் சனம், தெருவில் காகிதம் கிடந்தால் குனிந்து பொறுக்குகிற சனம், அந்தப் பச்சையை மட்டும் விட்டுவைத்திருக்கிறது என்றால் அதில் ஏதோ விஷயம் இருக்கவேண்டும் என்று மனசுக்குள் ஒன்று சொன்னது.

ஷெஃப் வந்தார். பார்த்தார். படியில் உட்கார்ந்தார். தெர்மோஸைத் திறந்தார். அரைக் கோப்பை குடித்து முடிவதற்குள் கனகு அண்ணையின் முகத்திலிருந்த பெருமை கொஞ்சம் கொஞ்சமாக வடிந்ததை நான் பார்த்தேன். மிச்சம் அரைக் கோப்பையையும் ஷெஃப் குடித்தார். அது அதற்கு முன் நடந்ததில்லை.

"அது ஊத்தை இல்லை, ஹெர் கனகு" என்றார் கடைசியில். "அது வயசு."

அண்ணைக்கு அது விளங்க நேரம் பிடித்தது. விளங்கியதும் கையிலிருந்த துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டார். எலுமிச்சம்புளி கண்ணில் பட்டு இன்னும் கூடுதலாக அழுதார்.

"என்ர பிள்ளையள், தம்பி... சபை அடுத்த கிழமையெல்லோ."

நான் ஓடிப்போய் அலுமாரியிலிருந்து கறுப்புச் சப்பாத்து மையும் தூரிகையும் கொண்டுவந்தேன். "ஷெஃப், பூசிவிடுவம். நாளைக்கு ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு நாள் சமாளிச்சால் காணும்."

ஷெஃப் மை டப்பாவை என் கையிலிருந்து வாங்கி மூடினார்.

"இப்ப ஒரு பிழை இருக்கு. பூசினால் ரெண்டு பிழை. முதல் பிழை மரியாதையில செய்தது. ரெண்டாவது களவு."

பிறகு அண்ணையிடம் திரும்பினார். "முகத்தைக் கழுவுங்கோ. டிரெக்டோரிட்டைப் போவம்."

"இப்பவோ? அவர் பாத்துக் கேட்கட்டும், பிறகு..."

"அவர் பாத்தால் அது குற்றம். நாங்கள் போய்ச் சொன்னால் அது தகவல்."

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த வேலையில் எனக்குக் கிடைத்த படிப்பு அவ்வளவுதான். கண்ணாடி உடைந்தாலும், கொதிகலன் நின்றாலும், கதவுத் திறப்பு, அதாவது சாவி, தொலைந்தாலும், மேலிடம் தானாக அறிவதற்கு முன் உங்கள் கால் அந்த அறையில் இருக்க வேண்டும். ஆனால் அரைக் கோப்பை கோப்பிக்குப் பிறகு. ஓடிப்போய் மூச்சிரைக்கச் சொன்னால் சின்னச் சேதமும் பெரிதாகிவிடும்.

டிரெக்டோர் தன் விழா உரையைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷெஃப் சொன்னார். டிரெக்டோர் கீழே வந்தார். மாடத்துக்கு முன்னால் நின்றார். அவர் தாத்தாவும் படித்த பள்ளிக்கூடம் அது. தாத்தா பார்த்ததும் அந்தப் பச்சைத் தலைதான்.

"இரு நூற்றாண்டு" என்றார். பிறகு, "எதைக் கொண்டு?" என்று கேட்டார்.

அண்ணை உண்மையே பேசுகிறவர். அதுதான் அவரிடம் இருந்த குறை. "எலுமிச்சம்பழம், உப்பு, மணல்" என்றார்.

"எந்த மணல்?"

ஷெஃப் கூரையைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அண்ணை கொட்டில் பக்கம் கையைக் காட்டினார்.

டிரெக்டோர் ஸ்தாபகரிடமிருந்து இரண்டு எட்டுப் பின்வாங்கினார்.

விழா நடந்தது. மேயர் மாடத்துக்கு முன்னால் நின்று, புதுச் சிலைக்கு வாழ்த்துச் சொன்னார். வந்தவர்களில் பாதிப் பேர் அதைப் பாராட்டினார்கள். மீதிப் பாதிப் பேர், பாராட்டியவர்களை எரித்துவிடுவது போலப் பார்த்தார்கள். தடியூன்றி வந்த ஒரு பழைய மாணவர் ஸ்தாபகரின் கண்ணை உற்றுப் பார்த்துவிட்டு, "நான் படிக்கும்போது இவர் என்னைப் பார்த்ததேயில்லை" என்றார். நிர்வாகச் சபைத் தலைவர் ஒரு வக்கீல். ஒட்டக்கத்தரித்த மீசைக்காரர். எங்களைத் தேடினார். நாங்கள் சமையலறையில் எலுமிச்சம்பழம் இல்லாத தேநீரை ஊற்றிக்கொண்டிருந்தோம்.

அடுத்த கிழமை சபை கூடியது. மேசை, கதிரை, தண்ணீர்ப் போத்தல் வைக்க என்னை உள்ளே விட்டார்கள். அப்படியே சுவரோரம் நின்றுகொண்டேன். கனகு அண்ணை வாசலுக்கு வெளியே ஒரு மாணவன் கதிரையில், தண்டனை பெற்ற பிள்ளை போல, முழங்காலில் கை வைத்து இருந்தார்.

முதலில் பௌதிக ஆசிரியர் கதிர்வீச்சு அளக்கும் கருவியைக் கொண்டுவந்தார். ஸ்தாபகரை ஒரு வண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மூக்கில் பிடித்தார். தாடியில் பிடித்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். கருவி எப்போதாவது ஒரு தடவை 'டிக்' என்றது.

"ஸ்தாபகரில் விசேஷமாய் ஒண்டும் இல்லை" என்றார் பௌதிக ஆசிரியர். சபையில் யாரும் சிரிக்கவில்லை. அது பகிடி என்பது அவருக்கே பிறகுதான் உறைத்திருக்கும்.

அடுத்தது, ஹனோவரிலிருந்து வரவழைத்த சிலை நிபுணர் அம்மா ஒருவர். அவர் பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, மருந்து போட்டுச் செயற்கையாகப் பச்சை ஏற்றலாம், ஆனால் தான் செய்யமாட்டேன், அது பொய் என்றார். வெளியே மழையில் வைத்தால் தானாக வரும். பறவை எச்சம் விழாமலும், பாதைக்குப் போடும் உப்பு தெறிக்காமலும் ஒருவர் கவனித்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு காலம் என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார்.

வக்கீல் எழுந்தார். "அந்த மனிதரை இனிமேல் இந்த வளவுக்குள் நான் பார்க்க விரும்பவில்லை."

கதவு முழுதாக மூடியிருக்கவில்லை. கதிரை கிரீச்சிட்டது எனக்குக் கேட்டது.

ஷெஃப் கையை உயர்த்தினார். அன்றைக்குத் தெர்மோஸ் இல்லை. முன்னாலிருந்த தண்ணீரை எடுத்து அரைக் கிளாஸ் குடித்தார். முழுச் சபையும் அவர் குடித்து முடியும் வரை காத்திருந்தது.

"நீங்கள் சொல்லுறது சரி, ஐயா. ஆனா அவர் போனால் ஆர் நட்டப்படுறது? அவர் சுகமாய்ப் போய் வேற இடத்தில வேலை பாப்பார். என்ர முழங்காலோட, ஒவ்வொரு நாளும் மழையிலயும் பனியிலயும் நான்தான் ஸ்தாபகருக்குக் காவல் நிக்கவேணும். இது நியாயமோ?"

சபை யோசித்தது.

"கெடுத்தவர்தான் திருத்தவேணும். பச்சை திரும்பி வருமட்டும் அவரை விடாதேங்கோ. மற்ற வேலையளையும் அவரே செய்யட்டும். ஒரு நாளும் தப்பேலாமல் எழுத்தில கட்டிப்போடுங்கோ."

வக்கீலின் மீசை முதன்முறையாக அசைந்தது. தண்டனை என்றால் அவருக்கு விளங்கும். எழுத்து என்றால் இன்னும் நன்றாக விளங்கும். தன் கையாலேயே வாசகம் அமைத்தார்: ஸ்தாபகரின் சிலை முந்திய நிறத்தை அடையும் வரை, இன்னார் இந்தப் பள்ளிக்கூடத்தில் ஹவுஸ்மைஸ்டரின் உதவியாளராகக் கடமையாற்றக் கட்டுப்பட்டவர். எல்லாக் கைகளும் உயர்ந்தன. அண்ணைக்குக் கடும் தண்டனை கிடைத்தது என்ற திருப்தியோடு அவர்கள் கலைந்து போனார்கள்.

வெளியே வந்து நான் சொன்னேன். "அண்ணை, வேலை கிடைச்சிட்டுது."

"விசர்க் கதை கதையாதை. என்னைக் கலைக்கச் சொன்னது எனக்குக் கேட்டது."

"ஓம், கலைக்கத்தான் சொன்னவை. இப்ப விடமாட்டினமாம்."

வேலை அனுமதி அலுவலகத்தில் டெர்மின், அதாவது சந்திக்க நேரம், கிடைத்த அன்றைக்கு ஷெஃப்பே கூட வந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அந்த வாசகத்தை வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"முந்திய நிறம் என்றால்?"

"பச்சை" என்றார் ஷெஃப்.

"எவ்வளவு காலம் எடுக்கும்?"

"போன முறை இருநூறு வருஷம் எடுத்தது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஷெஃப்பின் முகத்தில் ஒன்றும் இல்லை. "இந்த வேலைக்கு ஜெர்மன்காரர் ஒருவரும் கிடைக்கவில்லையா?"

"உங்கட பதிவில ஆரும் இருந்தால் சொல்லுங்கோ. தலையில பச்சை வளர்க்கத் தெரிஞ்சவர் வேணும்."

முத்திரை விழுந்தது.

ஸ்தாபகரை முற்றத்துக் கஷ்கொட்டை மரத்தடியில் பீடம் கட்டி வைத்தோம். மழை நல்லதில்லை என்று அந்த வருஷம் பிள்ளைகளை உள்ளே வைத்திருந்தார்கள். ஸ்தாபகரை மட்டும் வெளியே வைத்தார்கள். அண்ணை ஒவ்வொரு நாளும் அவருக்கு மேல் விழுந்த இலையை எடுத்தார், எச்சத்தைத் துடைத்தார், பனிக்காலத்தில் தலையில் ஏறிய பனியைத் தட்டினார். வருஷத்துக்கு ஒரு தடவை, விழாவுக்கு முன்பு, வக்கீல் வந்து சுற்றிப் பார்ப்பார். முதல் வருஷம் கொஞ்சம் மங்கியிருந்தது. "முன்னேற்றம்" என்றார்.

அன்றைக்கு அண்ணை சாப்பிடவில்லை. நான் முட்டாள், காய்ச்சல் என்று நினைத்தேன். பச்சை வந்துவிட்டால் வேலை போய்விடும் என்பது எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு நான் முற்றத்தைக் கடந்து வந்தேன். அண்ணை ஸ்தாபகருக்குப் பின்னால் நின்றார். கையில் பாதி எலுமிச்சம்பழம்.

"அண்ணை!"

"உஷ். காதுக்குப் பின்னால மட்டும்."

"காதுக்குப் பின்னாலயோ? தாடியும் மினுங்குதே."

"காதில தொடங்கினால் தாடிக்கு வராமல் நிக்குமே?"

திரும்பினால் ஷெஃப். கொட்டில் வாசலில் தெர்மோஸோடு இருந்தார். எவ்வளவு நேரமாக இருந்தாரோ! அண்ணை எலுமிச்சம்பழத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். ஸ்தாபகரின் தாடியிலிருந்து சாறு சொட்டியது.

நான் மெதுவாகப் போய்க் கேட்டேன். "ஷெஃப், அண்டைக்குச் சப்பாத்து மை களவெண்டு சொன்னனீங்கள். அப்ப இது?"

அரைக் கோப்பை குடித்தார்.

"இது பராமரிப்பு" என்றார்.

அதன் பிறகு வக்கீல் வருகிற ஒவ்வொரு வருஷமும் "இன்னும் இல்லை" என்று தலையாட்டிவிட்டுப் போவார். தண்டனை தொடர்கிறது என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்திருக்க வேண்டும்.

பெர்லின் மதில் திறந்து, கிழக்கிலிருந்து சின்னச் சின்னக் கார்களில் சனம் வந்துகொண்டிருந்த அந்த மாரியில்தான் அண்ணையின் மனைவியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். எந்தெந்த ஊர் வழியாக வந்தார்கள் என்பது அவர்கள் சொல்ல வேண்டிய கதை. அண்ணைக்கு அப்போது பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு. வந்த மறுநாளே மனைவியை, நான் அக்கா என்று கூப்பிடுகிறவரை, முற்றத்துக்குக் கூட்டிவந்து, பனியைத் தட்டி, ஸ்தாபகரைக் காட்டினார். குளிரில் தாடை நடுங்க அக்கா மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த மனிசனுக்குத்தானோ இவ்வளவு காலம் மினுக்கினனீங்கள்? கலியாணம் கட்டின நாளிலயிருந்து எனக்கு ஒரு சட்டி மினுக்கித் தரேல்லையே!"

ஷெஃப்புக்கு நான் அதை ஜெர்மனில் சொன்னேன். அவர் சிரித்ததை நான் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான். கோப்பி புரையேறிவிட்டது.

பிறகு வக்கீல் காலமானார். அவர் எழுதிய வாசகம் நிரந்தர வேலைப் பத்திரமாக மாறியது. காரணம் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. ஷெஃப் ஓய்வு பெற்றார், அண்ணை பெரிய திறப்புக் கோர்வையை வாங்கினார், அவருக்கு உதவியாளராக என்னை எடுத்தார்கள். அண்ணை ஓய்வு பெற்றார், நான் வாங்கினேன். வெள்ளிக்கிழமை வேலையும் திறப்போடு சேர்ந்தே வந்தது. இனி ஒருவரும் என்னை வேலையை விட்டு நிறுத்தமாட்டார்கள் என்று தெரிந்தும் நான் விடவில்லை. அப்பா ஏன் விடவில்லை என்று எழுதிக்கொண்டிருக்கிற மகள் கேட்கிறாள். சபை திரும்பவும் கூடினாலும் கூடும். அவ்வளவுதான்.

போன வருஷம் விழாவுக்கு என்னை விருந்தாளியாக அழைத்தார்கள். இளம் ஆசிரியை ஒருவர் புதுப் பெற்றோருக்குப் பள்ளிக்கூடத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். கஷ்கொட்டை மரத்தடிக்கு வந்ததும் நின்று, "எங்கள் ஸ்தாபகர் ஒருபோதும் பச்சை பிடிக்காமல் மினுங்குவது இந்தப் பள்ளிக்கூடத்தின் மிகப் பழைய வழக்கம், பல நூற்றாண்டுகளாகக் காத்து வருகிறோம்" என்றார். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் மூக்கைத் தடவிவிட்டுத்தான் போவார்களாம். பெற்றோர் மரியாதையாகத் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். எனக்குப் பக்கத்தில் நின்ற அப்பா ஒருவர், "எவ்வளவு பெரிய பாரம்பரியம், பாருங்கள்" என்றார். ஓம் என்றேன்.

ஆகவே, அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இப்போது திறப்பு வாங்கியிருக்கிற தங்கச்சிக்கும், வேறு பள்ளிக்கூடங்களுக்குப் போகிற உங்களுக்கும் சொல்கிறேன். புது இடத்தில் துணியை நனைப்பதற்கு முன் எது ஊத்தை, எது வயசு என்று ஒருவரைக் கேளுங்கள். பிழை நடந்தால் மையைத் தேடாதீர்கள். அரைக் கோப்பை குடித்துவிட்டு, நீங்களே போய்ச் சொல்லுங்கள். மிச்சம் தங்கச்சிக்கு மட்டும்: வெள்ளிக்கிழமை, பிள்ளைகள் போன பிறகு, பாதி எலுமிச்சம்பழமும் ஒரு கிள்ளு உப்பும் போதும். மணல் வேண்டாம். காதுக்குப் பின்னால் தொடங்குங்கள். மூக்கைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போகிற நாளில், அதை வாங்குகிறவர் எந்த ஊராக இருந்தாலும், எந்தப் பாஷையாக இருந்தாலும், இதையும் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.